கட்சியிலிருந்து வந்தவர் நீதிபதி ஆகலாமா? கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியை முன்வைத்து ஓர் இழை

பிப்ரவரி 11, இரவு 10.40

நேற்று வாசகர் ஒருவர் கேட்டிருந்ததை அப்படியே போடுகிறேன்: "சட்டமன்றத்தில் உட்கார்ந்து கட்சிக்காக மேசையைத் தட்டியவர், அடுத்த வருடமே கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வந்தால் அவர் முன்னால் போய் நிற்கிறவனுக்கு என்ன நியாயம் கிடைக்கும்? அமெரிக்காவில் இது சகஜமாமே?"

சகஜம்தான். அங்கே ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிபதியை அதிபர் முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும். பரீட்சை கிடையாது, நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது, நன்னடத்தை உள்ளவரை பதவி என்பதுதான் அவர்கள் அரசியல் சட்டத்தில் இருப்பது. பொறுக்கி எடுக்கிறவர்கள் எல்லாரும் அரசியல்வாதிகள் எனும்போது, எடுக்கப்பட்டவர்களில் நாலு பேர் அரசியல்வாதியாக இருப்பதில் என்ன அதிசயம்?

எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. நியூயார்க் மாநில செனட்டில் உறுப்பினராக இருந்து, பிறகு மன்ஹாட்டன் பரோவின் (பரோ என்பது நியூயார்க் நகரத்தின் ஒரு நிர்வாகப் பகுதி) தலைவராக இருந்து, 1966-ல் ஃபெடரல் நீதிபதி ஆனவர். அமெரிக்காவின் முதல் பெண் ஃபெடரல் நீதிபதி. அவர் ஜனநாயகக் கட்சி, நியமித்த அதிபர் லிண்டன் ஜான்சனும் அதே கட்சி. வாசகரின் சந்தேகத்துக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டார். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், காலையில் ஒரு வாய்தா இருக்கிறது.

பிப்ரவரி 12, காலை 7.15

திருத்தம். முதல் பெண் அல்ல, முதல் கறுப்பினப் பெண். ஃப்ளாரன்ஸ் ஆலன் என்பவர் 1934-லேயே ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர் கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்துடன். தூக்கக் கலக்கத்தில் எழுதினால் இப்படித்தான்.

பிப்ரவரி 12, மதியம் 1.50

"வெறும் மாவட்ட நீதிபதிதானே, இதற்கா இவ்வளவு" என்று கேட்டவருக்கு: குழப்பம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நம் ஊர் மாவட்ட நீதிமன்றம் வேறு, அவர்களுடைய டிஸ்ட்ரிக்ட் கோர்ட் வேறு. மோட்லி உட்கார்ந்தது நியூயார்க்கின் தெற்கு டிஸ்ட்ரிக்ட்டில். மன்ஹாட்டன், பிராங்க்ஸ், அதற்கு வடக்கே ஆறு கவுன்டிகள். வால் ஸ்ட்ரீட் சண்டை எல்லாம் அங்கேதான் வந்து விழும். ஒற்றை ஆளாக உட்கார்ந்து மாநில அரசுக்கே தடை உத்தரவு போடலாம். நம் கணக்கில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதிக்குக் கிட்டத்தட்ட சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டதான், இதற்கும் யாராவது சண்டைக்கு வராதீர்கள்.

பிப்ரவரி 12, இரவு 11.20

இப்போது ஆளைப் பற்றி. இது நீளும்.

1921-ல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் பிறந்தார். அப்பா அம்மா இருவரும் கரீபியன் கடலில் உள்ள நெவிஸ் என்ற குட்டித் தீவிலிருந்து வந்தவர்கள். அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையல்காரர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் காசு இல்லை. பதினெட்டு வயதில் உள்ளூர் சமூகக் கூடம் ஒன்றில் இந்தப் பெண் எழுந்து பேசியதை, அந்தக் கூடத்தைக் கட்ட உதவிய பணக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்று பெயர். கூடம் சரியில்லை என்கிற தொனியில் பேசியவளைத்தான் கூப்பிட்டு, படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாராம். கொடுத்த காசைக் குறை சொன்னவளுக்கே மறுபடியும் காசு. எனக்குத் தெரிந்த நன்கொடையாளர்கள் கல்வெட்டில் பெயர் சின்னதாகப் போட்டதற்கே கோபித்துக்கொள்கிறவர்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும்போதே, 1945-ல், வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். கறுப்பின உரிமை வழக்குகளை நடத்துவதற்கென்றே இருந்த அமைப்பு அது. பள்ளிகளில் நிறப் பிரிவினையை 1954-ல் ஒழித்த பிரவுன் வழக்கின் முதல் பிராதை எழுதியவர் மோட்லி. அப்புறம் தெற்கு மாநிலங்களுக்குப் பயணம், வழக்கு, பயணம், வழக்கு. கறுப்பின மாணவர்களைச் சேர்க்கச் சொல்லி 1961-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகம், 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற மாணவருக்காக மிசிசிப்பி பல்கலைக்கழகம். 1963-ல் பர்மிங்காமில் ஊர்வலம் போனதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வைத்தார். தெற்கில் கறுப்பினப் பெண்ணின் பெயருக்கு முன்னால் "திருமதி" போட வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்குக் கை வராத காலம் அது. அவன் இவன் என்பதற்கும் அவர் என்பதற்கும் நடுவில் எத்தனை தலைமுறை கிடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண்ணும் இவர்தான் (இந்த "முதல்" சரி, காலையில் பார்த்துவிட்டேன்). அங்கே பத்து வழக்கு வாதாடி ஒன்பதில் ஜெயித்தார். தோற்றது ஜூரி தேர்வு சம்பந்தப்பட்ட ஸ்வெய்ன் வழக்கு. அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியையும் 1986-ல் அதே உச்ச நீதிமன்றம் கைவிட்டுவிட்டது. ஆக ஒன்பதரை என்று போட்டுக்கொள்ளலாம்.

இனிமேல்தான் அரசியல். 1961-ல் மார்ஷல் நீதிபதியாகப் போனதும், அந்த அமைப்பின் தலைவர் நாற்காலி மோட்லிக்கு வராமல் சக வழக்கறிஞர் ஜாக் கிரீன்பெர்க்குக்குப் போனது. ஹார்லெமில் "நரி" என்றே பட்டப்பெயர் வாங்கிய ஜே. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற கட்சித் தலைவர் இவரைத் தேர்தலில் இறக்கினார். 1964 பிப்ரவரியில் இடைத்தேர்தல், ஜெயித்து மாநில செனட்டுக்குப் போனார். 1965 பிப்ரவரியில் மன்ஹாட்டன் பரோ தலைவர். 1966 ஜனவரியில் நீதிபதிப் பதவிக்குப் பெயர் முன்மொழியப்பட்டது.

தேதிகளை இப்படி வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைக்கிறது: சட்டமன்றத்தில் இருந்தது ஏறக்குறைய ஒரே வருடம். வழக்கறிஞராக இருந்தது இருபது வருடம். "எம்.எல்.ஏ. நீதிபதி ஆனார்" என்று இவரைச் சொல்வது, கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பந்தி பரிமாறியவரைச் சமையல்காரர் என்பது போல. நான் காட்டிய உதாரணம் நானே நினைத்த அளவுக்குப் பொருந்தவில்லை. சரி, ஆரம்பித்தாயிற்று, போகிற வரை போவோம்.

பிப்ரவரி 14, இரவு 9.30

நியமனத்தில் அரசியல் இல்லையா என்று கேட்டால், மூட்டை மூட்டையாக இருந்தது. ஆனால் வந்த திசை வேறு. செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட், மிசிசிப்பிக்காரர், நிறப் பிரிவினை வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். அவருடைய மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் மோட்லி. இப்போது மோட்லியின் கோப்பு ஈஸ்ட்லாண்டின் மேசையில். கம்யூனிஸ்ட் தொடர்பு என்று ஒரு குற்றச்சாட்டு வேறு. ஜனவரியில் போன பெயருக்கு ஆகஸ்ட் 30-ல்தான் ஒப்புதல் வந்தது, ஏழு மாதம். அதற்கு முன்னால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போடலாம் என்று ஜான்சன் நினைத்து, எதிர்ப்பைப் பார்த்து ஒரு படி கீழே இறக்கினார் என்பதும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, ஈஸ்ட்லாண்டும் ஜனநாயகக் கட்சிதான். ஒரே கட்சி!

பிப்ரவரி 15, காலை 6.40

அப்படியானால் கட்சி என்கிற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதே தப்போ என்று விடிகாலையில் முழிப்பு வந்தது. காபி குடித்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 15, இரவு 10.05

1975-ல் நடந்தது. சல்லிவன் அண்டு க்ராம்வெல் என்ற பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தின் மேல், பெண்களுக்கு வேலையில் பாரபட்சம் காட்டுகிறது என்று ஒரு பெண் வழக்கறிஞர் வழக்குப் போட்டார். வழக்கு மோட்லியிடம் போனது. நிறுவனத் தரப்பு, நீங்கள் விலகிக்கொள்ளுங்கள் என்றது. சொன்ன காரணம், நீங்கள் ஒரு பெண், பாரபட்ச வழக்குகளை நடத்திப் பழகியவர். மோட்லி மறுத்துவிட்டார். அவர் எழுதியதன் சாரம்: பின்னணியும் பாலினமும் இனமும் மட்டுமே விலகப் போதுமான காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் இந்த வழக்கைக் கேட்க முடியாது, ஏனென்றால் இங்கே எல்லாருமே ஏதோ ஒரு பாலினத்தைச் சேர்ந்த வக்கீல்களாக இருந்தவர்கள்தான்.

நான் ஜூனியராக இருந்தபோது, குடும்ப நீதிமன்ற வழக்கு ஒன்றில் எங்கள் கட்சிக்காரர் (அரசியல் கட்சி இல்லை, எங்களிடம் வழக்குக் கொடுத்தவர்) வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு மனு போடச் சொல்லி ஒரே பிடிவாதம். "லேடி ஜட்ஜ் சார், அந்தப் பொம்பளை பக்கம்தான் பேசுவாங்க." சீனியர் வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: "போன வருஷம் வரைக்கும் ஆம்பிளை ஜட்ஜ் இருந்தாரே, அப்ப உங்க வீட்டம்மா மாத்தச் சொல்லி மனு போட்டாங்களா?" மனிதர் பதில் பேசவில்லை. மனுவும் போடவில்லை. கடைசியில் ஜீவனாம்சத் தொகையில் அந்த லேடி ஜட்ஜ், எதிர்த்தரப்பு கேட்டதில் பாதிகூடக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 16, மாலை 6.00

துண்டு விஷயம் சொல்லாமல் விட்டால் இந்த இழைக்கு அர்த்தமே இல்லை.

1977 உலகத் தொடர் பேஸ்பால். மெலிசா லட்கி என்ற விளையாட்டு நிருபரை, யாங்கி ஸ்டேடியத்தில் வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள் விடவில்லை. ஆட்டம் முடிந்த சூட்டில் வீரர்கள் பேசுவது அந்த அறையில்தான், ஆண் நிருபர்கள் எல்லாரும் உள்ளே. இவர் மட்டும் வெளியே நடைபாதையில். வழக்கு மோட்லியிடம் வந்தது. வீரர்களின் அந்தரங்கம் என்றது எதிர்த்தரப்பு. அந்தரங்கம்தான் பிரச்சினை என்றால் ஒரு திரைச்சீலை போடலாம், இடுப்பில் ஒரு துண்டு கட்டிக்கொள்ளலாம், ஒரு பெண்ணின் தொழிலையே மூடவேண்டியதில்லை என்கிற ரீதியில் போனது 1978 தீர்ப்பு. அதற்கு அடியில் கெட்டியான ஒரு சட்டப் புள்ளியும் உண்டு: அந்த மைதானம் அப்போது நியூயார்க் நகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது, குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதனால் அங்கே காட்டும் பாரபட்சம் வெறும் தனியார் விவகாரம் ஆகாது.

தோளில் துண்டு போட உரிமை கேட்டு நம் ஊரில் நடந்தது ஒரு கதை, இடுப்பில் துண்டு கட்டச் சொல்லி அங்கே நடந்தது ஒரு கதை.

பிப்ரவரி 17, இரவு 11.55

கிருஷ்ணய்யரை ஏன் இன்னும் இழுக்கவில்லை என்று நாலு பேர் கேட்டாகிவிட்டது. இழுக்கிறேன்.

வி.ஆர். கிருஷ்ணய்யர், 1952-ல் கூத்துபறம்பிலிருந்து நம் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கே தேர்வானவர், மலபார் அப்போது சென்னையோடு இருந்தது. 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் மந்திரி. சட்டம், சிறை எல்லாம் அவர் கையில். 1968-ல் கேரள உயர் நீதிமன்றம், 1973-ல் உச்ச நீதிமன்றம். "நம் ஊரில் நடந்தால் விடுவோமா" என்று நினைப்பவர்களுக்கு: நடந்தது, விட்டோம். நியமனத்தின்போது முணுமுணுப்பு இல்லாமல் இல்லை.

எனக்கு இவரையும் மோட்லியையும் சேர்த்து நினைக்க வைப்பது ஜெயில். கிருஷ்ணய்யர் 1948-ல் கொஞ்ச நாள் சிறையில் இருந்தவர், பிறகு சிறைத்துறைக்கே மந்திரி, பிறகு 1978-ல் சுனில் பத்ரா வழக்கில், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவனைத் தனிமைச் சிறையில் தள்ளுவதைப் பற்றித் தீர்ப்பு எழுதியவர்.

மோட்லியிடம் அதற்கு எட்டு வருடம் முன்னாலேயே ஒரு தனிமைச் சிறை வழக்கு வந்தது. மார்ட்டின் சோஸ்ட்ரே என்ற கைதி. உள்ளே இருந்தே சட்டம் படித்து, சக கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அவரை 1968 ஜூனிலிருந்து 372 நாள் தனியே அடைத்திருந்தார்கள். மோட்லி நஷ்ட ஈடு விதித்தார்: 13,020 டாலர். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 372-ஐ 35-ஆல் பெருக்கியிருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் 25 டாலர் இழப்பீடு, 10 டாலர் அபராதம். மொத்தமாக ஒரு பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ என்று வாயில் வந்த தொகையைச் சொல்லவில்லை, எண்ணியிருக்கிறார்.

இது என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், ஜூனியராக இருந்தபோது ஒரு சிறையில் கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். "மூணு மாசம் ஆயிருச்சுல்ல, ஜாமீன் கிடைச்சிரும்" என்று கத்தினேன். "தொண்ணூத்தி நாலு நாள் சார்" என்று திருப்பிக் கத்தினார். நான் மாதத்தில் பேசுகிறேன், அவர் நாளில் பேசுகிறார். வெளியே வந்து பைக்கை எடுக்கிற வரை அந்த நாலு நாள் காதிலேயே நின்றது.

பிப்ரவரி 18, காலை 8.10

நேற்றுக்கு ஒரு பின்குறிப்பு. சோஸ்ட்ரே தீர்ப்பு அப்படியே நிற்கவில்லை. 1971-ல் மேல்முறையீட்டில், தனிமைச் சிறை என்பதாலேயே அது கொடூர தண்டனை ஆகிவிடாது என்று சொல்லி, 10 டாலர் பங்கை வெட்டிவிட்டார்கள். 25 டாலர் பங்கு, அதாவது 9,300, நின்றது. உணர்ச்சிவசப்பட்டு எழுதும்போது மேல்முறையீட்டை மறந்துவிடுவது என் பழைய வியாதி.

பிப்ரவரி 19, இரவு 10.30

"பார்த்தீர்களா, ஏழை, கைதி, பெண் என்றால் அவர் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டியே தெரிகிறதே, இதைத்தானே நான் சொன்னேன்" என்று ஆரம்பத்தில் கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். நியாயமான அடி. நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஜெராக்ஸ் வழக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் சட்டக் கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. பக்கத்துக்கு ஐம்பது பைசா. ஒப்பந்தச் சட்டப் புத்தகம் வாங்குகிற காசுக்கு ஒரு மாத மெஸ் சாப்பாடு ஓடும், ஆகவே யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிய ஒரே பிரதி அந்தக் கடையில் குப்புறக் கவிழ்ந்து கவிழ்ந்து முதுகு உடைந்து கிடக்கும். கடைக்கார அண்ணன் நிமிராமலே கேட்பார், "ரெண்டு பக்கமும் போட்டுறட்டா தம்பி? ஸ்பைரலா, பின்னா?" ஸ்பைரலுக்குத் தனிக் காசு, நான் எப்போதும் பின். நான் வக்கீல் ஆனதில் அந்த அண்ணனுக்குப் பங்கு உண்டு.

1991-ல் இதே விவகாரம் மோட்லி முன்னால் வந்தது. கிங்கோஸ் என்ற நகல் கடைச் சங்கிலி, பேராசிரியர்கள் கொடுத்த அத்தியாயங்களை அனுமதி வாங்காமல் நகல் எடுத்து, கட்டாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றது. எட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பிளேக்ஸ்லீயின் காசில் படித்த, பன்னிரண்டில் ஒன்பதாவது பிள்ளை, சம்பந்தப்பட்ட கல்லூரிகளில் தான் படித்த கல்லூரியும் உண்டு. எந்தப் பக்கம் போயிருப்பார் என்கிறீர்கள்?

பதிப்பகங்கள் பக்கம். பதிப்புரிமைச் சட்டம் அனுமதி இல்லாமலே விடுகிற "நியாயமான பயன்பாடு" இது ஆகாது, நகல் எடுத்து லாபம் பார்க்கிற வியாபாரம் இது என்று சொல்லி 5,10,000 டாலர் நஷ்ட ஈடு.

டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து போட்ட வழக்கில் 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கல்விக்கென்று தனிப் பிரிவே இருப்பதால் சட்டமும் வேறுதான். ஆனாலும் ஐம்பது பைசாக்காரனான எனக்கு மோட்லி மேல் ஒரு வருத்தம் வந்தது உண்மை. முழுசாகப் படித்தேன். படித்து முடித்தபோது வருத்தம் இருந்தது, குறை சொல்ல இடம் இல்லை.

பிப்ரவரி 19, இரவு 11.10

கடைசி வரி கொஞ்சம் ஜோடனையாக இருக்கிறது. குறை சொல்ல இடம் இருக்கிறது. அரைக் கல்லூரிக்கும் புத்தகம் வாங்க வசதி இல்லாத நிலையை அவர் இன்னும் ஒரு பத்தியாவது எடைபோட்டிருக்கலாம். ஆனால் அதற்கும் அவர் கட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதுதான் நான் சொல்ல வந்தது.

பிப்ரவரி 21, மதியம் 2.20

சாண்ட்ரா டே ஓ'கானர்தானே சரியான உதாரணம் என்று ஒருவர். ஒத்துக்கொள்கிறேன். 1969-ல் அரிசோனா மாநில செனட், 1973-ல் அங்கே பெரும்பான்மைத் தலைவர், அமெரிக்காவில் ஒரு மாநில அவையில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். பிறகு மாநில நீதிபதி, 1981-ல் உச்ச நீதிமன்றம், செனட்டில் 99-க்குப் பூஜ்யம். அவர்தான் நிஜமான சட்டமன்ற ஆள், மசோதா எப்படிப் பேரம் பேசிச் சமைக்கப்படுகிறது என்று உள்ளே நின்று பார்த்தவர்.

2006-ல் அவர் ஓய்வு பெற்றதிலிருந்து, மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் பதவிக்கு வந்த யாரும் அந்த உச்ச நீதிமன்றத்தில் உட்காரவில்லை. ஆக நான் முதல் நாள் "சகஜம்தான்" என்று போட்டது கீழ் நீதிமன்றங்களுக்கு ஓரளவு பொருந்தும், உச்சிக்கு இப்போது பொருந்தாது. இதையும் திருத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது திருத்தம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, இரவு 9.45

இழையை மூடலாம் என்று நினைத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1964-ல் மோட்லி இடைத்தேர்தலில் நின்றாரே, நியூயார்க் செனட்டின் 21-வது தொகுதி, அந்த இடம் ஏன் காலியானது? அங்கே இருந்த ஜேம்ஸ் லோபஸ் வாட்சன் நகர சிவில் நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போனார். அதே 1966-ல், அதே ஜான்சன் அவரையும் ஃபெடரல் நீதிபதி ஆக்கினார், சுங்க நீதிமன்றத்துக்கு. ஒரே தொகுதியில் அடுத்தடுத்து உட்கார்ந்த இரண்டு பேரும் ஒரே வருடத்தில் ஃபெடரல் நீதிபதிகள். இவர் ஒன்பது வருடம் போல அந்த செனட்டில் இருந்தவர், அதாவது கேட்டவரின் கேள்விக்குச் சரியான ஆள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்திருக்கிறார், நான்தான் இரண்டு வாரமாக ஒரு வருடக்காரரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வாட்சனின் சுங்கத் தீர்ப்புகளை யாராவது படித்திருந்தால் எழுதுங்கள். இறக்குமதி வரிக் கணக்கு எனக்கு ஆகாது.